பென்ஸீனின் போக்கும் சிதைவும்

பெட்ரோல் நிலையத்தின் தளத்தில் சிந்திய பெட்ரோல் சில நிமிஷங்களில் உலர்ந்துவிடுகிறது. அதன் நெடி சற்று நேரம் நின்று பின்னர் அதுவும் மறைகிறது. இதைக் காண்பவர்கள் அப்பொருள் ஒழிந்துவிட்டது என்று கொள்வது இயல்பே. ஆனால் அதே பெட்ரோல் தரைக்கடியில் துருப்பிடித்த தொட்டியிலிருந்து துளித்துளியாகக் கசியுமாயின், கசிவு நின்று பல ஆண்டுகள் கழிந்த பின்னும் அருகிலுள்ள கிணற்று நீரில் அதன் கூறுகள் காணப்படலாம். ஓரிடத்தில் நிமிஷக் கணக்கில் அகலும் பொருள் மற்றோரிடத்தில் ஆண்டுக் கணக்கில் தங்குவது ஏன்? பெட்ரோலில் அடங்கிய ஹைட்ரோகார்பன்களில் மக்கள் நலத்திற்கு மிகுந்த கேடு தருவதாகிய பென்ஸீனை எடுத்துக்கொண்டு இக்கேள்விக்கு விடை காணலாம். குடிநீர், சுகாதாரம், விவசாயம் ஆகிய துறைகளில் கிராமங்களில் பணிபுரிவோருக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் இது பயன்படும் செய்தியாகும்.

பொருளின் இயல்பு

பென்ஸீனை முதன்முதலில் பிரித்தெடுத்தவர் ஆங்கில விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே. விளக்கெரிக்கப் பயன்பட்ட எண்ணெய் வாயுவை அழுத்தி அடைக்கும்போது எஞ்சிய நீர்மத்திலிருந்து 1825இல் அவர் இதைப் பெற்றார். 1833இல் ஜெர்மானிய விஞ்ஞானி மிட்ஷர்லிக், சாம்பிராணியிலிருந்து கிடைக்கும் பென்ஸாயிக் அமிலத்தைச் சுண்ணாம்புடன் சூடாக்கி இதே பொருளை அடைந்தார். சாம்பிராணியை அராபிய வணிகர்கள் 'லுபான் ஜாவி', அதாவது ஜாவா நாட்டுக் குங்கிலியம், என்று அழைத்தனர். அச்சொல் ஐரோப்பிய மொழிகளில் திரிந்து 'பென்ஸாயின்' ஆகி, அதிலிருந்து 'பென்ஸீன்' என்ற பெயர் பிறந்தது.

இதன் மூலக்கூறில் ஆறு கரி அணுக்களும் ஆறு ஹைட்ரஜன் அணுக்களும் உள்ளன. கரி அணுக்கள் ஆறும் கைகோத்து ஒரு வளையமாக அமைந்துள்ளன என்னும் கருத்தை 1865இல் கேக்குலே என்பவர் வெளியிட்டார். இவ்வளையம் மிக உறுதியானது. அதை உடைப்பதே பென்ஸீனின் சிதைவில் கடினமான படி என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

பென்ஸீன் நிறமற்ற, இனிய நெடியுள்ள நீர்மம். இது 80 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும், 5.5 டிகிரியில் உறையும். நீரைவிட இலேசானது, ஆகவே நீரின்மேல் மிதக்கும். இதன் ஆவியோ காற்றைவிட ஏறக்குறைய 2.7 மடங்கு கனமானது. ஆகவே பள்ளங்களிலும் குழிகளிலும் இறங்கித் தங்கும். எளிதில் தீப்பற்றக் கூடியது. எண்ணெய் வகைகளுள் நீரில் சற்று அதிகமாகவே கரைவது இதன் தனிப்பண்பு. ஒரு லிட்டர் நீரில் சுமார் 1.8 கிராம் வரை கரையும். இந்த அளவு சிறிதாகத் தோன்றினும், குடிநீரில் ஏற்கத்தக்க அளவுடன் ஒப்பிட்டால் மிகப் பெரிதாகும்.

இந்தியாவில் பென்ஸீன் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்து கிடைக்கிறது. பிலாய், ரூர்கேலா, துர்காபூர், பொக்காரோ முதலிய உருக்காலைகளில் நிலக்கரியைக் கோக்காக மாற்றும் உலைகளின் வாயுவிலிருந்தும் கிடைக்கிறது. பிளாஸ்டிக்குகள், செயற்கை இழைகள், சாயங்கள், மருந்துகள் ஆகியவற்றிற்கு இது மூலப்பொருள். மேலும் விறகு, வறட்டி, புகையிலை ஆகியவை முற்றிலும் எரியாமல் புகையும்போதும் சிறிதளவு பென்ஸீன் உண்டாகிறது.

காற்றில்

திறந்த வெளியில் சிந்திய பென்ஸீனில் பெரும்பகுதி ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. தளம் உலர்ந்தது என்றால் பொருள் இடம் மாறியது என்பதே பொருள். அது இன்னும் அழியவில்லை. மறைதல் வேறு, சிதைதல் வேறு என்னும் இப்பாகுபாடு இக்கட்டுரைப் பொருளுக்கு அடிப்படையாகும்.

சூரிய ஒளி நேரே பட்டு பென்ஸீன் சிதைவதில்லை. அதன் வளையத்தை உடைக்க வல்ல புற ஊதாக் கதிர்களை வானின் மேலடுக்கிலுள்ள ஓஸோன் தடுத்துவிடுகிறது. ஆயினும் சூரிய ஒளி மற்றொரு வழியில் உதவுகிறது. ஓஸோனும் நீராவியும் ஒளியின் முன்னிலையில் வினைபுரிந்து 'ஹைட்ராக்ஸில்' என்னும் துகள்களைத் தோற்றுவிக்கின்றன. ஒரு ஹைட்ரஜன் அணுவும் ஒரு பிராணவாயு அணுவும் சேர்ந்த இத்துகள் ஒரு விநாடிக்கு மேல் வாழ்வது அரிது. ஆனால் எதிர்ப்படும் ஹைட்ரோகார்பன்களைத் தாக்கி மாற்றும் ஆற்றல் உடையது. இத்துகள்களால் தாக்கப்பட்ட பென்ஸீன் முதலில் ஃபீனால் போன்ற பொருள்களாக மாறிப் படிப்படியாகச் சிதைகிறது. காற்றில் பென்ஸீனின் சராசரி ஆயுள் ஏறக்குறையப் பத்து நாட்கள் எனக் கணக்கிட்டுள்ளனர். வெயில் மிகுந்த காலத்தில் இது குறையும். மூட்டமான குளிர்காலத்தில் நீளும்.

பத்து நாட்களில் சிதையும் பொருளால் நகரக் காற்று ஏன் கெடவேண்டும் என்று கேட்கலாம். வடிகால் உள்ள தொட்டியிலும் குழாய் இடைவிடாது திறந்திருந்தால் நீர் மட்டம் குறையாது அன்றோ? நாள்தோறும் வாகனங்களும் ஆலைகளும் புதிதாக வெளிவிடுவதால் நகரங்களில் பென்ஸீன் எந்நேரமும் இருந்து வருகிறது. இதனால் 2009இல் அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத் தர விதிகளில் பென்ஸீனுக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராம் என்னும் ஆண்டுச் சராசரி உச்ச வரம்பு விதிக்கப்பட்டது. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் ஆறாம் நிலைத் தரத்தின்படி பெட்ரோலில் பென்ஸீன் கன அளவில் ஒரு சதவீதத்திற்கு மேற்படலாகாது.

ஆற்று நீரில்

ஓடும் ஆற்றில் விழுந்த பென்ஸீன் விரைவில் காற்றுக்கு ஏறிவிடுகிறது. ஆழம் குறைந்து, நீர் புரண்டு ஓடி, காற்றும் வீசுமாயின் சில மணி நேரத்திலேயே அதன் அளவு பாதியாகிறது. மீன்களின் உடலில் டி.டி.டி. சேர்வது போல் பென்ஸீன் பெருமளவில் சேர்வதில்லை. இதனால் ஆற்றில் விழும் பென்ஸீன் நீண்ட காலக் கேடு விளைவிப்பது குறைவு.

ஆனால் இந்த நன்மை நீரின் மேற்பரப்பு திறந்திருப்பதைப் பொறுத்தது. சீனாவின் ஜிலின் நகரில் 2005 நவம்பர் 13ஆம் தேதி ஓர் இரசாயன ஆலையில் வெடிவிபத்து நிகழ்ந்தது. பென்ஸீன், நைட்ரோபென்ஸீன் முதலியவை ஏறக்குறைய 100 டன் அளவில் சோங்ஹுவா ஆற்றில் கலந்தன. அது உறைபனிக் காலம். ஆற்றின் மேல் பனிக்கட்டி படரத் தொடங்கியிருந்தமையால் ஆவியாகும் வழி குறுகியது. குளிரினால் நுண்ணுயிர்களின் வேலையும் தளர்ந்தது. நச்சுநீர் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து ஹார்பின் மாநகரை அடைந்தபோது, அந்நகரின் பல லட்சம் மக்களுக்குக் குழாய் நீர் நான்கு நாட்கள் நிறுத்தப்பட்டது. பின்னர் அந்நீர் அமூர் ஆற்றின் வழியே ருஷ்ய எல்லையையும் கடந்தது. கோடைகாலத்து ஆற்றில் காற்றோடு போயிருக்க வேண்டிய பொருள், மூடப்பட்ட ஆற்றில் ஊர்தோறும் சென்றது.

நிலத்தடியில்

பனி மூடிய ஆற்றைவிட இறுக மூடப்பட்ட இடம் ஒன்று உண்டு. அது நிலத்தடி நீர். தரைக்கடித் தொட்டியிலிருந்தோ குழாயிலிருந்தோ கசியும் பெட்ரோல் மண்ணின் இடுக்குகள் வழியே கீழிறங்குகிறது. ஒரு பகுதி மண்ணில் ஒட்டிக்கொள்ளும். ஒரு பகுதி மண்ணிடைக் காற்றில் ஆவியாகும். எஞ்சியது நீர்மட்டத்தை அடைந்து அதன்மேல் படலமாக மிதக்கும். அப்படலத்திலிருந்து பென்ஸீன் நாள்தோறும் சிறிது சிறிதாக நீரில் கரைந்துகொண்டே இருக்கும்.

மட்கு மிகுந்த மண் பென்ஸீனை ஓரளவு பிடித்துவைக்கும். மணற்பாங்கான ஆற்றுப்படுகை நிலத்தில் மட்கு குறைவு. அங்கே பென்ஸீன் நிலத்தடி நீரின் வேகத்திற்கு ஏறக்குறைய இணையாகவே நகரும். பருவமழை நாடாகிய இந்தியாவில் மேலும் ஒரு காரணம் சேர்கிறது. மழைக்காலத்தில் நீர்மட்டம் உயர, மிதக்கும் படலமும் உயர்கிறது. கோடையில் நீர்மட்டம் இறங்க, படலமும் இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் எண்ணெயின் ஒரு பகுதி மணலின் இடுக்குகளில் சிக்கிப் பின்தங்குகிறது. ஆண்டுதோறும் இவ்வாறு நிகழ்வதால் மெல்லிய படலமாக இருந்தது தடித்த அழுக்கடுக்காக மாறிவிடுகிறது. கோடையில் தெளிந்ததாகத் தோன்றிய கிணறு அடுத்த மழைக்குப் பின் மீண்டும் நெடி வீசுவதற்கு இது ஒரு காரணமாகும்.

நுண்ணுயிர்களின் வேலை

ஆவியாக வழியற்ற இடத்தில் பென்ஸீனை அழிப்பவை மண்ணிலும் நீரிலும் வாழும் பாக்டீரியாக்களே. இவற்றுள் சில பென்ஸீனை உணவாகக் கொள்கின்றன. அமெரிக்காவில் டேவிட் கிப்ஸனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1960களின் இறுதியில் சூடோமோனாஸ் புட்டிடா என்னும் பாக்டீரியாவை ஆராய்ந்து இது நிகழும் முறையை விளக்கினர். பாக்டீரியாவிலுள்ள ஒரு நொதிப்பொருள் பிராணவாயு மூலக்கூறின் இரண்டு அணுக்களையும் பென்ஸீன் வளையத்தில் பொருத்துகிறது. இதனால் உறுதி குலைந்த வளையம் 'கேட்டகால்' என்னும் பொருளாக மாறி, பின்னர் ஓரிடத்தில் அறுந்து நேர்ச் சங்கிலியாகிறது. அதன்பின் எஞ்சிய பகுதி முழுவதும் கரியமிலவாயுவும் நீருமாக முடிகிறது. வளையத்தை உடைக்கும் முதற்படிக்கே பிராணவாயு தேவை என்பது இங்குக் கவனிக்கத்தக்கது.

எவ்வளவு பிராணவாயு தேவை? இரசாயனக் கணக்கின்படி, ஒரு மில்லிகிராம் பென்ஸீன் முற்றிலும் சிதைய ஏறக்குறைய 3 மில்லிகிராம் பிராணவாயு வேண்டும். 25 டிகிரி வெப்பத்தில் காற்றோட்டமுள்ள ஒரு லிட்டர் நீரில் கரைந்திருப்பது சுமார் 8 மில்லிகிராம் மட்டுமே. எனவே ஒரு லிட்டர் நல்ல நீரிலுள்ள பிராணவாயு முழுவதும் செலவானாலும் மூன்று மில்லிகிராம் பென்ஸீன்கூடச் சிதையாது. தூய பென்ஸீன் கரையக்கூடிய முழு அளவுக்குக் கரைந்துவிட்ட ஒரு லிட்டர் நீரைத் தூய்மையாக்க ஏறக்குறைய 700 லிட்டர் நல்ல நீரின் பிராணவாயு தேவைப்படும். ஆற்று நீர் காற்றிலிருந்து பிராணவாயுவை ஓயாது பெற்றுக்கொள்கிறது. நிலத்தடி நீருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே கசிவிடத்தைச் சுற்றி முதலில் தீர்ந்துபோவது பிராணவாயுவே.

பிராணவாயு தீர்ந்த பின் சிதைவு அறவே நின்றுவிடும் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1980களின் இடைக்காலத்திலிருந்து வெளிவந்த ஆய்வுகள் இக்கருத்தைத் திருத்தின. பிராணவாயு அற்ற இடத்தில் வாழும் சில பாக்டீரியாக்கள் அதற்குப் பதிலாக நைட்ரேட், இரும்புத் துரு, சல்பேட் ஆகியவற்றைக் கொண்டு பென்ஸீனைச் சிதைக்கின்றன. இவையும் தீர்ந்த இடத்தில் மீத்தேன் வாயு உண்டாகும் வகையிலும் சிதைவு நடைபெறுகிறது. ஆனால் இவ்வழிகள் மிக மெதுவானவை. எல்லா இடங்களிலும் நிகழ்வன என்றும் சொல்வதற்கில்லை.

இதற்கு நன்கு ஆராயப்பட்ட சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் மினஸோட்டா மாகாணத்தில் பெமிட்ஜி நகருக்கு அருகே 1979 ஆகஸ்டு 20ஆம் தேதி ஒரு குழாய் வெடித்து ஏறக்குறைய 17 லட்சம் லிட்டர் கச்சா எண்ணெய் வெளியேறியது. பெரும்பகுதி அப்புறப்படுத்தப்பட்டது, சுமார் 4 லட்சம் லிட்டர் மண்ணிலேயே தங்கிவிட்டது. 1983 முதல் அந்நாட்டு மண்ணியல் ஆய்வுத்துறையினர் அவ்விடத்தைக் கண்காணித்து வந்தனர். எண்ணெயிலிருந்து கரைந்த பென்ஸீன் நிலத்தடி நீரோடு வெகு தூரம் செல்லாதவாறு பாக்டீரியாக்கள் மணலில் படிந்த இரும்புத் துருவின் உதவியால் தடுத்து வந்தது புலனாயிற்று. ஆனால் எண்ணெயின் அருகே அத்துரு செலவழிந்த அளவுக்குப் பென்ஸீன் மெல்ல மெல்ல முன்னேறியதும் புலனாயிற்று. இயற்கை தன் கடமையைச் செய்கிறது. எனினும் அதன் கையிருப்பு அளவுக்கு உட்பட்டது.

எத்தனால் கலந்த பெட்ரோல்

இன்று இந்தியாவில் பெட்ரோலுடன் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் நீரில் முற்றிலும் கரையும். பாக்டீரியாக்களுக்கு எளிதில் செரிக்கும் உணவும் ஆகும். இத்தகைய பெட்ரோல் மண்ணில் கசியும்போது பாக்டீரியாக்கள் பெரும்பாலும் முதலில் எத்தனாலையே உண்கின்றன. அதற்கே பிராணவாயு பெரும்பாலும் செலவாகிவிடுவதால் பென்ஸீனின் சிதைவு தாமதமாகிறது; அது நிலத்தடி நீரில் செல்லும் தூரமும் கூடுகிறது. இதனால் எத்தனால் கலத்தல் தவறு என்பது கருத்தன்று. தொட்டிகளையும் குழாய்களையும் கசியாமற் காப்பதில் முன்னினும் மிகுந்த கவனம் வேண்டும் என்பதே கருத்து.

உடல்நலக் கேடு

பென்ஸீனை நெடுங்காலம் சுவாசித்தவர்களின் எலும்பு மச்சை பாதிக்கப்பட்டு, இரத்த சோகையும் இரத்தப் புற்றுநோயும் ஏற்படுகின்றன. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் இதனை முதல் வகுப்பில் சேர்த்துள்ளது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டும் அளவு.

இந்த அளவின் நுட்பத்தை ஒரு கணக்கால் உணரலாம். ஒரு சதவீதம் பென்ஸீன் உள்ள ஒரு லிட்டர் பெட்ரோலில் 10 மில்லிலிட்டர், அதாவது ஏறக்குறைய 8.8 கிராம், பென்ஸீன் உண்டு. அது முழுவதும் நீரில் பரவினால் 8 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர் நீரை வழிகாட்டும் அளவின் விளிம்புக்குக் கொண்டுவர வல்லது.

நீரில் பென்ஸீனின் சுவை நாவுக்குத் தெரிவதற்கு ஒரு லிட்டரில் அரை மில்லிகிராமேனும் இருக்கவேண்டும். அது வழிகாட்டும் அளவைப்போல் 50 மடங்கு. எனவே சுவை கெடவில்லை, ஆகவே நீர் நல்லது என்று முடிவு செய்வது பிழை.

களப்பணியாளர் கவனத்திற்கு

பெட்ரோல் நிலையம், எண்ணெய்க் கிடங்கு, பழைய பணிமனை ஆகியவற்றின் அருகிலுள்ள கிணறுகளைப் பார்வையிடும்போது கீழ்க்கண்டவற்றைக் கவனித்தல் நலம்.

1. நிலத்தின் சரிவையும் கிணற்றின் தூரத்தையும் குறித்துக்கொள்க. நிலத்தடி நீர் ஓடும் திசையில் உள்ள கிணறே முதலில் பாதிக்கப்படும். மூடப்பட்டுவிட்ட பழைய பெட்ரோல் நிலையங்களின் தொட்டிகள் தரைக்கடியில் எஞ்சியிருத்தல் கூடும். ஊர்ப் பெரியவர்களைக் கேட்டறிக.

2. முன்பு தெளிவாக இருந்த கிணற்று நீர் திடீரெனச் செந்நிறமாக மாறுவதும், அழுகிய முட்டையின் நாற்றம் வீசுவதும் நீரில் பிராணவாயு தீர்ந்ததன் அடையாளமாக இருக்கலாம். இவற்றிற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆகவே இவை சோதனைக்கு அனுப்பத் தூண்டும் குறிகளே. முடிவான சான்று ஆகா.

3. மாதிரி நீரைக் கண்ணாடிப் புட்டியில், குமிழி ஒன்றும் இராதபடி விளிம்புவரை நிரப்பி, இறுக மூடி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து விரைவில் ஆய்வகத்திற்கு அனுப்புக. பாதி நிரம்பிய புட்டியில் பென்ஸீன் மேலுள்ள காற்றுக்கு ஏறிவிடும். திறந்தவுடன் அது வெளியேற, நீரில் குறைந்த அளவே இருப்பதாகத் தவறான முடிவு கிடைக்கும்.

4. பெட்ரோல் நெடி வீசும் கிணற்றுக்குள் எவரும் இறங்கலாகாது. விளக்கோ தீக்குச்சியோ கொண்டு பார்த்தல் கூடவே கூடாது. கனமான ஆவி அடியில் தங்கியிருக்கும்.

5. நீரைக் கொதிக்கவைத்துப் பருகுமாறு கூறுவது காலரா முதலிய நோய்களுக்கு ஏற்ற அறிவுரை. பென்ஸீன் கலந்த நீரை வீட்டினுள் கொதிக்க வைத்தால், நீரிலிருந்தது சமையலறைக் காற்றில் கலந்து சுவாசத்தின் வழியே உடலுட் செல்லும். குளோரின் இடுவதாலும் பயனில்லை. சோதனை முடிவு வரும்வரை வேறு நீர் வழங்குவதே சரியான வழி.

ஆசிரியர்களுக்கு

வகுப்பில் பென்ஸீனையோ பெட்ரோலையோ கொண்டு எந்தச் சோதனையும் செய்தல் ஆகாது. இக்கருத்துக்களை விளக்க வீட்டுப் பொருள்களே போதும். சம அளவுள்ள இரு கற்பூர வில்லைகளில் ஒன்றைத் திறந்த தட்டிலும் மற்றொன்றை இறுக மூடிய புட்டியிலும் வைத்து, ஒரு வாரம் கழித்து மாணவர்களைப் பார்க்கச் செய்யலாம். கற்பூரம் ஹைட்ரோகார்பன் அன்று. ஆயினும் திறந்த இடத்திற்கும் மூடிய இடத்திற்கும் உள்ள வேறுபாட்டை இது தெளிவாகக் காட்டும்.

நிலத்தடியில் நிகழ்வதைக் காட்ட, ஒரு கண்ணாடி ஜாடியில் மெல்லிய குழாய் ஒன்றை அடிவரை நிறுத்திச் சுற்றிலும் மணலை நிரப்புக. குழாயின் வழியே நீர் ஊற்றிப் பாதி உயரம் வரச் செய்து, மணலின்மேல் சிறிது கடலெண்ணெய் விடுக. எண்ணெய் இறங்கி நீர்மட்டத்தில் தங்கிய பின், குழாய் வழியே நீரைச் சேர்த்தும் உறிஞ்சியும் மட்டத்தை ஏற்றி இறக்குக. ஒவ்வொரு முறையும் எண்ணெய் மணலில் அகன்ற பட்டையாகப் பரவுவது கண்ணாடி வழியே புலப்படும். பருவமழை கிணற்றில் செய்யும் வேலையை மாணவர் நேரிற் கண்டதாகும். பிராணவாயுக் கணக்கை உயர் வகுப்பு மாணவர்களுக்கு இரசாயனப் பயிற்சியாகக் கொடுக்கலாம்.

புதிய பெட்ரோல் நிலையங்கள் பள்ளிகள், மருத்துவமனைகள், குடியிருப்புகள் ஆகியவற்றிலிருந்து 50 மீட்டருக்குள் அமைதல் கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020இல் விதித்தது. இடநெருக்கடி உள்ள ஊர்களில் கூடுதல் பாதுகாப்புடன் தளர்வு உண்டு. எனினும் 30 மீட்டருக்குக் குறைதல் ஆகாது. தம் பள்ளியின் சுற்றுப்புறத்தில் இவ்விதி பின்பற்றப்படுகிறதா என்பதை ஆசிரியர்கள் அறிந்திருத்தல் நன்று.

தரையில் சிந்திய பென்ஸீனைக் காற்று ஏற்றுக்கொள்கிறது. பத்து நாளில் சூரியனும் காற்றும் அதனைச் சிதைத்துவிடுகின்றன. தரைக்கடியில் கசிந்ததற்கு அந்த வழி இல்லை. அங்கே உள்ள பாக்டீரியாக்களுக்குக் கிடைக்கும் பிராணவாயுவும் துருவுமே எல்லாம். கிணறு கெட்ட பின் பத்து ஆண்டுகள் காத்திருப்பதைக் காட்டிலும், கசியும் தொட்டியைப் பத்து நாட்கள் முந்திக் கண்டுபிடிப்பது எளிது, செலவும் குறைவு.